லைப்ரரி இருக்கிறது, சிமேக் கண்ணில் ஏன் படவில்லை?

கேள்வி: லினக்ஸில் ஒரு சி++ ப்ராஜெக்ட்டை பில்ட் செய்யப் பார்க்கிறேன். பில்ட்டைத் தயார்செய்யும் கருவியான சிமேக்கை ஓடவிட்டால், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. ஆனால் டெர்மினலில் ஓப்பன்எஸ்எஸ்எல் வெர்ஷனைக் கேட்டால் உடனே பதில் வருகிறது. இருப்பதை ஏன் இல்லை என்கிறது?

பதில்: உங்கள் மெஷினில் இருப்பது அந்த லைப்ரரியை ஓட்டுவதற்குத் தேவையான பாதி மட்டும்தான். அதை வைத்து இன்னொரு ப்ரோக்ராமைக் கம்பைல் செய்ய, லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் ஃபைல்கள் வேண்டும். அப்புறம் ப்ரோக்ராமை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கர் தேடும் பெயரில் ஒரு ஃபைலும் வேண்டும். ஓடும்போது தேவைப்படுவது ‘லிப்எஸ்எஸ்எல் டாட் எஸ்ஓ டாட் 3’ மாதிரி கடைசியில் எண் ஒட்டிய ஃபைல், லிங்கரோ எண் இல்லாத ‘லிப்எஸ்எஸ்எல் டாட் எஸ்ஓ’வைத்தான் தேடும். அது பெரும்பாலும் எண் உள்ள ஃபைலைச் சுட்டும் ஒரு சிம்பாலிக் லிங்க். டெபியன், உபுண்டுவில் இந்த இரண்டாவது பாதியைத் தனி பேக்கேஜாக வைத்திருக்கிறார்கள், பெயர் ‘-டெவ்’ என்று முடியும். ஃபெடோராவில் ‘-டெவல்’. நீங்கள் உபுண்டுவில் இருந்தால் லிப்எஸ்எஸ்எல்-டெவ் போடுங்கள், ஃபெடோரா என்றால் ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவல்.

ஒரு வேண்டுகோள்: பிழைச் செய்தியைக் கடைசிவரை படியுங்கள். ‘கிடைக்கவில்லை’ என்ற இடத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் அதே செய்தியில் அடைப்புக்குறிக்குள் எது குறைகிறது என்று சிமேக்கே சொல்லியிருக்கும். இன்க்ளூட் டைரக்டரி என்று இருந்தால் ஹெடர் இல்லை, அநேகமாக டெவ் பேக்கேஜ் விடுபட்டிருக்கிறது.

கேள்வி: ஒரு லைப்ரரியை நானே சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து, என் ஹோம் டைரக்டரிக்குள் ‘லோக்கல்’ என்று ஒரு ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்தேன். சிமேக் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் ப்ராஜெக்ட்டின் சிமேக்லிஸ்ட்ஸ் ஃபைலில் முழு பாத்தையும் எழுதிவிட்டேன், வேலை செய்கிறது. அப்படியே விடலாமா?

பதில்: விடாதீர்கள், எடுத்துவிடுங்கள். நாளைக்கு அந்த கோடை இன்னொருவர் எடுத்து பில்ட் செய்யும்போது உங்கள் ஹோம் டைரக்டரி அவர் மெஷினில் இருக்காது, அவர் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்வார். எந்த லைப்ரரி வேண்டும் என்பதை மட்டும் ப்ராஜெக்ட் ஃபைலில் எழுத வேண்டும், அது எங்கே இருக்கிறது என்பதை பில்ட் செய்கிறவர் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கொடுப்பதற்கென்றே ‘சிமேக் ப்ரிஃபிக்ஸ் பாத்’ என்று ஒரு வேரியபிள் இருக்கிறது. சிமேக்கை அழைக்கும்போது ‘-டி’ போட்டு அதில் உங்கள் லோக்கல் ஃபோல்டரின் பாத்தைக் கொடுங்கள். லோக்கலுக்குள் இருக்கும் லிப் ஃபோல்டரைக் கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று பலர் கேட்கிறார்கள். மேலே உள்ள ஃபோல்டரைக் கொடுத்தால் போதும், லிப், இன்க்ளூட், லிப்புக்குள் இருக்கும் சிமேக் ஃபோல்டர் எல்லாவற்றையும் அதுவே ஒட்டிப் பார்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று இடங்கள் இருந்தால் நடுவில் அரைப்புள்ளி போட்டு, மொத்தத்தையும் மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் அரைப்புள்ளியை ஷெல் கமாண்டின் முடிவாக எடுத்துக்கொள்ளும். அதே பெயரை என்விரான்மென்ட் வேரியபிளாக வைத்தால் மட்டும் லினக்ஸில் அரைப்புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி.

ஒரே ஒரு லைப்ரரிக்கு மட்டும் இடம் காட்ட வேண்டுமென்றால் அதன் பெயரோடு ‘ரூட்’ சேர்த்த வேரியபிள் இருக்கிறது, சிமேக் 3.12 முதல் இது வேலை செய்யும். பெயரோடு ‘டிர்’ சேர்த்தது வேறு: அந்த லைப்ரரி தன்னோடு கொண்டுவரும் கான்ஃபிக் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதையே சரியாகக் காட்ட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இத்தனையும் செய்த பிறகும் பழைய பதிலே வந்தால், முன்பு கண்டுபிடித்ததை சிமேக் சேமித்து வைக்கும் கேஷைச் சந்தேகப்படுங்கள். கிடைக்காமல் போனதை சிமேக் அடுத்த முறை மறுபடி தேடும், ஆனால் ஒருமுறை தவறான இடத்தில் கிடைத்துவிட்டால் அந்த பாத்தை சிமேக்கேஷ் ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு, நீங்கள் ப்ரிஃபிக்ஸ் பாத்தைப் புதிதாகக் கொடுத்தாலும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். சிஸ்டத்தில் ஒரு பழைய வெர்ஷனும் ஹோமில் ஒரு புது வெர்ஷனும் இருக்கும்போது அடிக்கடி நடப்பது இதுதான். பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள், 3.24 அல்லது அதற்குப் பிந்தைய வெர்ஷன் என்றால் ‘--ஃப்ரெஷ்’ கொடுத்தாலே போதும். எங்கெங்கே தேடுகிறது என்று கண்ணால் பார்க்க ‘--டீபக்-ஃபைண்ட்’ உண்டு, 3.17 முதல். பக்கம் பக்கமாக வரும், பரவாயில்லை, உங்கள் ஃபோல்டரின் பெயர் அதில் ஒருமுறையாவது வருகிறதா என்று மட்டும் தேடுங்கள்.

சிமேக்குக்குப் பதில் மீசான் அல்லது ஆட்டோடூல்ஸ் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தும் ப்ராஜெக்ட்டாக இருந்தால், பெரும்பாலும் லைப்ரரியைப் பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவிதான் தேடித் தரும். அங்கே லைப்ரரியின் விவரம் எழுதிய ‘டாட் பிசி’ ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரையே, அதாவது லிப்புக்குள் இருக்கும் பிகேஜிகான்ஃபிக்கை, ‘பிகேஜி கான்ஃபிக் பாத்’ வேரியபிளில் கொடுக்க வேண்டும். சிமேக் பழக்கத்தில் மேல் ஃபோல்டரைக் கொடுத்தால் கிடைக்காது.

கேள்வி: பில்ட் முடிந்து இன்ஸ்டாலும் செய்துவிட்டேன். ஓட்டினால் ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்கிறது. பில்ட் ஃபோல்டருக்குள் இருந்து ஓட்டினால் மட்டும் ஓடுகிறதே?

பதில்: ப்ரோக்ராமைத் தொடங்கும்போது லைப்ரரியைத் தேடுவது லோடர், அதற்கு சிமேக்கிடம் நீங்கள் சொன்ன இடம் எதுவும் தெரியாது. பில்ட் ஃபோல்டரில் இருக்கும் ப்ரோக்ராமுக்குள் லைப்ரரியின் பாத்தை ஆர்பாத் என்று சிமேக் எழுதிவிடுகிறது, இன்ஸ்டால் செய்யும்போது அதை நீக்கிவிடுகிறது. ‘சிமேக் இன்ஸ்டால் ஆர்பாத்’ வேரியபிளில் லைப்ரரி இருக்கும் லிப் ஃபோல்டரைக் கொடுத்து மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். ‘எல்டி லைப்ரரி பாத்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் அந்த ஃபோல்டரை வைத்தாலும் ஓடும், ஆனால் அந்த டெர்மினலிலிருந்து தொடங்கும் மற்ற ப்ரோக்ராம்களும் முதலில் அங்கேதான் போய்ப் பார்க்கும் என்பதால் சோதித்துப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.