அஞ்சாவது எழுத்தைப் பாத்தீங்களா? பழைய அமெரிக்க கார் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணா, நான் டல்லாஸ் பக்கம் இருக்கேன். 1966 ஃபோர்டு மஸ்டாங் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. "289 வி8, மேட்சிங் நம்பர்ஸ்"னு (289 கியூபிக் இன்ச், எட்டு சிலிண்டர், வண்டி நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒண்ணு, அதாவது ஃபேக்டரி இன்ஜினேதான்னு) விக்கிறவர் அடிச்சு சொல்றார், பானெட்டைத் திறந்தா வி8தான் உக்காந்திருக்கு. நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இரு தம்பி, அவசரப்படாத. இப்போ உள்ள என்ன இன்ஜின் இருக்குங்கறது கேள்வியே இல்ல, ஃபேக்டரியிலேர்ந்து என்னத்தோட வெளிய வந்துச்சுங்கறதுக்குத்தான் காசு. பானெட்டைத் தூக்கிட்டு டிரைவர் பக்க ஃபெண்டரோட உள்தகட்டுல குத்தியிருக்கற வின் நம்பரை (வண்டியோட அடையாள நம்பர்) படி, கதவுல இருக்கற பிளேட்டை நம்பாத, அது புதுசா அடிச்சே விக்கறாங்க. அஞ்சாவதா வர்ற எழுத்துதான் இன்ஜின். சி-ன்னா ரெண்டு பேரல் (காத்து போற வாய்) கார்ப்பரேட்டர் போட்ட 289, 200 ஹெச்பி. ஏ-ன்னா நாலு பேரல், 225. கே-ன்னா 271, அது நெஜமா இருந்தா விலையே வேற. டெக்சாஸுக்கு வர்ற டி இருந்துச்சுன்னா அது பொறந்தப்போ 200 கியூபிக் இன்ச் ஆறு சிலிண்டர் வண்டி, வெறும் 120 ஹெச்பி, நடுவுல யாரோ வி8 தூக்கி வெச்சிருக்காங்க.

அப்படியே குனிஞ்சு வீல் நட்டையும் எண்ணிடு. ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கு 4 நட்டு, வி8க்கு 5. வி8 இருக்கு ஆனா 4 நட்டுதான்னா அங்கயே எந்திரிச்சு வந்துடலாம், ஏன்னா அந்த வண்டியில பின்னாடி ஆக்ஸிலும் சின்னதா இருக்கும், பிரேக் டிரம்மும் 10 இன்ச்சுக்கு பதிலா 9 இன்ச்சாதான் இருக்கும், வேகத்தை மட்டும் ஏத்திட்டு நிறுத்தறதைப் பத்தி யோசிக்கவே இல்லன்னு அர்த்தம். 5 நட்டு இருந்தா உடனே ஓகேன்னும் இல்ல, அதையும் மாத்த முடியும், கடைசியில வின் சொல்றதுதான்.

இந்த "மேட்சிங் நம்பர்ஸ்" கதைக்கு வருவோம். 1968க்கு முன்னாடி, கே கோடு தவிர மத்த மஸ்டாங் இன்ஜின்ல ஃபோர்டு வண்டி நம்பரைக் குத்தவே இல்ல. அப்போ எதோட எதை மேட்ச் பண்ணாராம்? கேட்டுப் பாரு. நீ பாக்க முடிஞ்சது வார்ப்பு தேதி மட்டும்தான், பிளாக்ல ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் துடைச்சுப் பாத்தா 6ஏ12 மாதிரி ஏதாவது தெரியும், 1966 ஜனவரி 12னு அர்த்தம். அந்தத் தேதி வண்டி தயாரான தேதிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி இருந்தா பொருந்துது. பின்னாடி இருந்தா பேரம் பேச உனக்கு நல்ல பிடி கெடச்சுது.

கேள்வி: மிச்சிகன்ல ஒரு 1977 ஓல்ட்ஸ்மொபைல் டெல்டா 88 வாங்கினேன். 350 ராக்கெட் வி8னு சொன்னாங்க. ஓல்ட்ஸ் 350க்குன்னு ஆயில் ஃபில்டர் வாங்கிட்டு வந்தா சேரல, மெக்கானிக் இது செவி (செவ்ரோலே) இன்ஜின்னு சிரிக்கறார். யாரோ மாத்திட்டாங்களா?

பதில்: யாரும் மாத்தல சார், ஓல்ட்ஸ்மொபைல், செவ்ரோலே ரெண்டுக்கும் தாய்க் கம்பெனியான ஜிஎம்மே அப்படித்தான் வித்துச்சு! 1977லயே சிகாகோல ஒருத்தர் புது டெல்டா 88ஐ சர்வீஸுக்கு விட்டப்போ பார்ட்ஸ் சேராமப் போய்த்தான் இந்த விஷயமே வெளிய வந்துச்சு. அந்த வருஷம் ஓல்ட்ஸ்மொபைல் பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு, சொந்த இன்ஜின் பத்தல, அதனால செவ்ரோலே 350ஐ எடுத்து மாட்டிட்டாங்க, வாங்கினவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கொள்ளளவு 350தானே, என்ன பெரிய வித்தியாசம்னு தோணும். ஆனா அப்போ செவ்ரோலே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் நாலு பேரும் தனித்தனியா ஆளுக்கொரு 350 வெச்சிருந்தாங்க, ஒண்ணோட பார்ட்ஸ் இன்னொண்ணுக்கு சேராது. அதுவும் 1949லேர்ந்து "ராக்கெட்"னு விளம்பரம் பண்ணி அந்தப் பேருக்கே காசு வாங்கின கம்பெனி. இலினாய் மாநில அட்டர்னி ஜெனரல் கேஸ் போட்டார், கடைசியில 200 டாலரும் 36 மாசம் இல்லன்னா 36,000 மைல் வாரண்டியும் தர்றோம்னு இறங்கி வந்தாங்க. அதுக்கப்புறம்தான் எங்க வண்டியில வேற பிரிவோட இன்ஜினும் இருக்கலாம்னு விளம்பரத்துல பொடி எழுத்துல போட ஆரம்பிச்சாங்க.

உங்க வண்டியிலயும் அஞ்சாவது எழுத்துதான் (இது டேஷ்போர்டுல கண்ணாடி வழியாவே தெரியும்). ஆர்-ன்னா ஓல்ட்ஸ் 350, எல்-ன்னா செவி. எழுத்தே வேணாம்னா ஆயில் ஊத்தற வாயைப் பாருங்க, ஓல்ட்ஸ்ல இன்ஜினோட முன்பக்கம் தனியா ஒரு குழாய் நிக்கும், செவியில வால்வ் கவர் மேலயே மூடி இருக்கும். எல் வந்துச்சுன்னா வருத்தப்படாதீங்க, செவி 350க்கு எந்த ஊர் கடையிலயும் சல்லிசா பார்ட்ஸ் கெடைக்கும். ராக்கெட்டுக்குன்னு கூடுதலா எதுவும் கொடுத்திருந்தா அது மட்டும்தான் நஷ்டம்.

கேள்வி: 1970 காடிலாக் எல்டொராடோல 400 ஹெச்பி. அதே 500 கியூபிக் இன்ச் இன்ஜின் 1976ல 190தான்னு போட்டிருக்கு. 76 மாடல் அவ்வளவு மட்டமா?

பதில்: பாதி கணக்கு, பாதி நெஜம். 1971 வரைக்கும் இன்ஜினைத் தனியா பெஞ்ச்ல வெச்சு, ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாம அளந்த நம்பரைத்தான் விளம்பரத்துல போட்டாங்க. 1972லேர்ந்து எல்லாத்தையும் மாட்டிட்டு அளந்தாங்க, எல்டொராடோ 365லேர்ந்து 235க்கு ஒரே வருஷத்துல இறங்கினது முக்கால்வாசி இதனாலதான். அதனால 1972க்கு முந்தின நம்பரை பிந்தினதோட ஒப்பிட்டு விலை பேசாதீங்க. மிச்சம் நெஜ இழப்பு, ஈயமில்லாத பெட்ரோலுக்காக கம்ப்ரெஷனைக் குறைச்சாங்க, 1975ல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்துச்சு.

76 கன்வெர்ட்டிபிளா (கூரையை மடக்கற வண்டி) பாக்கறீங்கன்னா இன்னொண்ணு. "அமெரிக்காவோட கடைசி கன்வெர்ட்டிபிள்"னு சொல்லி 14,000 வித்தாங்க, நெறைய பேர் முதலீடுன்னு வாங்கி ஓட்டாம மூடி வெச்சாங்க, 1984ல காடிலாக்கே திரும்ப எல்டொராடோ கன்வெர்ட்டிபிள் கொண்டு வந்துச்சு. ஆக "கடைசி வண்டி சார்"னு யாராவது இப்பவும் விலை ஏத்தினா காது கொடுக்காதீங்க. கம்மியா ஓடினதுங்கறதும் எப்பவும் நல்லதில்ல, ரப்பர் எல்லாம் இறுகிப் போயிருக்கும்.

கேள்வி: 1965 வண்டிக்கு இப்போ பம்புல வர்ற பெட்ரோல் போடலாமா?

பதில்: போடலாம். ஈயம் இல்லாததால எக்ஸாஸ்ட் வால்வ் சீட் (புகை வெளிய போற வால்வ் உக்கார்ற இடம்) தேயும்னு பயமுறுத்துவாங்க, வாரக்கடைசியில நிதானமா ஓட்டறவங்களுக்கு அது உடனே வராது, என்னைக்காவது ஹெட்டைக் கழட்டும்போது கடினமான சீட் போட்டுக்குங்க. அதை விட அவசரம் இப்போ பெட்ரோல்ல கலக்கற எத்தனால், அது பழைய ரப்பர் ஹோஸை அரிச்சுடும், வாங்கின முதல் வாரமே பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் மாத்திடுங்க.