கொரோனா படத்தின் ஓரம் ஏன் விலகுகிறது?

கேள்வி: சிரியாவின் காபூர் ஆற்றுச் சமவெளியில் உள்ள பழைய மண்மேடுகளை ஆய்வு செய்கிறேன். அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் 1960களில் எடுத்த படம் ஒன்றை, இன்றைய வரைபடத்தோடு ஒத்துப்போகும் எட்டுப் புள்ளிகள் வைத்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பொருத்தினேன். நடுவில் சரியாக உட்காருகிறது, ஓரத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் விலகுகிறது. பணம் கொடுத்தால் 'பிழை பூஜ்யம்' என்று திருத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தவறு உங்கள் கையில் இல்லை, படம் பிடித்த விதத்தில் இருக்கிறது. கொரோனாவின் கேஎச்-4பி வகைக் கேமரா ஒரே கிளிக்கில் படம் எடுக்காது. லென்ஸ் பக்கவாட்டில் சுழன்று, 70 மில்லிமீட்டர் ஃபிலிமில் முக்கால் மீட்டர் நீளத்துக்குத் தரையை வருடிக்கொண்டே போகும். தரையில் அது சுமார் 14 கிலோமீட்டர் அகலமும் 188 கிலோமீட்டர் நீளமும் உள்ள பட்டை. இரண்டு முனைகளிலும் கேமரா 35 டிகிரி சாய்ந்து பார்ப்பதால், நடுவில் ஒரு மில்லிமீட்டரில் அடங்கும் தரையைப் போல ஒன்றரை மடங்கு அங்கே அடங்கிவிடும். வருடும் நேரத்தில் செயற்கைக்கோளும் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, அதனால் நேரான ரயில் பாதைகூட லேசாக வளைந்து விழும். எட்டுப் புள்ளிகளால் இந்த வளைவை நிமிர்த்த முடியாது.

'பிழை பூஜ்யம்' என்பவர் பெரும்பாலும் தின் பிளேட் ஸ்பிளைன் என்ற, படத்தை ரப்பர் மாதிரி இழுத்துப் பொருத்தும் முறையைப் போடுகிறார். அது நீங்கள் வைத்த புள்ளிகளை எல்லாம் வலுக்கட்டாயமாக அதனதன் இடத்தில் உட்கார வைக்கும், ஆகவே பூஜ்யம்தான் வரும். புள்ளிகளுக்கு நடுவே என்ன ஆனது என்று அந்த எண் சொல்லாது. ஐந்து புள்ளிகளை அவரிடம் காட்டாமல் வைத்துக்கொண்டு, அவர் தரும் படத்தில் சரிபாருங்கள், உண்மை தெரிந்துவிடும். ஆய்வேட்டில் ஆர்எம்எஸ் (பொருத்திய புள்ளிகளின் சராசரிப் பிழை) அட்டவணை கேட்கும் குழுக்கள் இந்தச் சோதனைப் புள்ளிகளை ஏன் கேட்பதில்லை என்று எனக்குப் பல வருடங்களாக எரிச்சல். இந்த வியாபாரம் அதில்தான் பிழைக்கிறது. ஸ்கேனுக்கே காசு கேட்பவர்களும் உண்டு. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்திடம் யாராவது ஒருவர் 30 டாலர் கட்டி ஸ்கேன் செய்யச் சொல்லிவிட்டால், அப்புறம் அந்தப் படம் எல்லோருக்கும் இலவசம். ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் கொரோனா அட்லஸில் மத்தியக் கிழக்கின் படங்கள் பல ஏற்கெனவே திருத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. முதலில் அங்கே தேடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உங்களுக்கு உதவும். ஓரிரு மேடுகள்தான் தேவை என்றால், பட்டையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் சதுரத்தை மட்டும் வெட்டி எடுத்து, பன்னிரண்டு புள்ளிகளோடு இரண்டாம் படி பாலினோமியல் (லேசான வளைவை நிமிர்த்தும் சமன்பாடு) போடுங்கள். தட்டையான சமவெளியில் சில மீட்டர் பிழையோடு நின்றுவிடும். ஆனால் வெட்டியே ஆக வேண்டும், முழுப் பட்டையில் இதைச் செய்யக் கூடாது. புள்ளிகள் உங்கள் மேட்டை நாலா பக்கமும் சூழ்ந்திருக்க வேண்டும். அப்துல் அசீஸ் மலைப் பக்கம் போனால் இந்த வழி செல்லாது. கேமரா முன்னும் பின்னும் 15 டிகிரி சாய்ந்திருப்பதால், 100 மீட்டர் உயர வித்தியாசம் தரையில் ஏறக்குறைய 27 மீட்டர் தள்ளிவிடும். அங்கே உயரத் தரவோடு, இப்படி வருடிப் படம் எடுக்கும் (பனோரமிக்) கேமராவின் கணித மாதிரிதான் வேண்டும்.

இதே காரணத்தால் புள்ளியை மேட்டின் உச்சியில் வைக்காதீர்கள். உங்கள் பகுதியின் டெல் பிராக் மண்மேடு 40 மீட்டருக்கு மேல் உயரம், உச்சியில் வைத்தால் பத்து மீட்டர் அங்கேயே போய்விடும். அடிவாரத்தில், 1960களிலிருந்து மாறாத பழைய பாலத்தின் முனை, வீட்டு மூலை மாதிரி இடங்களைப் பிடியுங்கள். சாலைச் சந்திப்பு வேண்டாம், அவற்றை அகலப்படுத்தியிருப்பார்கள்.