நகையை அடகு வைக்காதீர்கள்

ஓசூரிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார். ப்ளஸ் டூ முடித்த மகளுக்கு ‘ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்’ மேனேஜ்மென்ட் சீட் வருகிறதாம். நன்கொடைக்கு நகையை வைக்கலாமா? ‘இதை விட்டால் எதிர்காலமே இல்லை’ என்கிறாராம் சித்தப்பா. மகளோ எந்நேரமும் பழைய கேமராவும் லென்ஸும் கையுமாக இருக்கிறாளாம்.

உங்கள் பயம் புரிகிறது, அம்மா. ஆனாலும் வைக்கவே கூடாது. நன்கொடை வாங்குவதை 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் தடுத்துவிட்டது. வட்டியைக் கட்டப்போவதும் நீங்கள்தான், சித்தப்பா அல்ல.

மகளின் கேமரா ஆசைக்கு உங்கள் ஊரிலேயே வேலை இருக்கிறது. உதாரணத்துக்கு, வண்டி ஹெட்லைட்டின் முன்பக்கக் ‘கண்ணாடி’ இப்போது பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்தான். அச்சிலிருந்து வரும்போதே கரும்புள்ளி, குமிழி, கீறல், பிறகு பூசும் மேல்பூச்சில் வழிசல் என்று ஏதாவது இருக்கலாம். ஆள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், ஷிப்ட் முடியும் நேரத்தில் கண் சோர்ந்து கோட்டைவிடும். அங்கேதான் கேமரா வருகிறது; அது எடுக்கும் படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே குறையைக் கண்டுபிடிக்கும். மெஷின் விஷன் என்பார்கள்.

இதில் முதல் சிக்கலே வெளிச்சம்தான், சாஃப்ட்வேர் அப்புறம். வளைந்த பளபளப்பான பொருளுக்கு நேராக விளக்கடித்தால் படமே வெளுத்துக் கீறல் மறைந்துவிடும். அதே விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்தால் பின்னணி கறுத்து, மயிரிழைக் கீறலும் வெள்ளிக் கம்பியாக மின்னும். ஹெட்லைட்டுக்குள் ஒளியைத் திருப்பும், அலுமினியம் பூசிய ரிஃப்ளெக்டருக்கு இது சரிப்படாது. சுற்றிலும் ஒளியைச் சிதறவிடும் குடை போன்ற டோம் லைட் வேண்டும். எந்தக் கோணம், எந்த லென்ஸ், எவ்வளவு எக்ஸ்போஷர் என்று முடிவு செய்யக் கை பழகியிருக்க வேண்டும். நல்ல பாகத்தைத் தள்ளினால் கம்பெனிக்கு நஷ்டம், கெட்டதை விட்டால் லோடே திரும்பி வரும்.

கணக்கும் இயற்பியலும் படித்த பெண், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரமும் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்தது) அல்லது இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவிடும் கருவிகள் பற்றியது) எடுக்கட்டும். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையைத் தொட வேண்டியதில்லை. டிப்ளமோ முடித்து, விரும்பினால் பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே நுழையலாம். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. கடன் இல்லாதவளுக்கு அது பாரமில்லை.

இடையில் வீட்டிலேயே புரோகிராம் எழுதும் மொழியான பைதான், படங்களை ஆராயும் மென்பொருளான ஓப்பன்சிவி பழகட்டும். இரண்டும் இலவசம். குறை கண்டுபிடித்துப் பழக, ஜெர்மனியின் மூனிச்சிலுள்ள எம்விடெக் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட படத்தொகுப்பில் 15 வகைப் பொருள்கள், 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. கம்ப்யூட்டரின் பயிற்சிக்குத் தருவது குறையில்லாத படங்களை மட்டுமே. தொழிற்சாலை நிலவரமும் அதுதான்: நல்லது மலையாகக் கிடக்கும், குறையுள்ளது கிடைப்பது அரிது.

சீட்டுக்கு முன்பணம் கேட்பவரிடம் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாலிடெக்னிக் விண்ணப்பத்தின் கடைசித் தேதியை மகளையே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.