டைவ் மாஸ்டர் ஆக எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: வயது 29. சென்னையில் ஐ.டி. வேலை, கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். செலவு போக மாதம் 12,000 மிஞ்சும். போன ஜனவரியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவில், சர்வதேச ஸ்கூபா டைவிங் பயிற்சி அமைப்பான ‘பேடி’யின் ஓப்பன் வாட்டர் (ஆரம்ப நிலை) கோர்ஸ் முடித்தேன்; லாக் புக்கில் (டைவ் பதிவேடு) இதுவரை 9 டைவ். இப்போது ஒரு டைவிங் சென்டரில் அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ, டைவ் மாஸ்டர் (முதல் தொழில்முறை நிலை) மூன்றும் சேர்த்து 1,75,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். இந்த மாதமே கட்டினால்தான் இந்த விலையாம். அட்வான்ஸ்டு மட்டும் என்றால் 28,000. கோர்ஸ் இல்லாமல் சும்மா இரண்டு டைவ் போக 8,000. என்னிடம் 2,40,000 ரூபாய் எஃப்.டி. இருக்கிறது. அதை உடைக்கலாமா, பெர்சனல் லோன் போடலாமா? பிற்பாடு வேலையை விட்டு இதையே தொழிலாக்கும் எண்ணமும் உண்டு.
— வாசகர், பெருங்குடி

பதில்: இரண்டும் வேண்டாம். அட்வான்ஸ்டு மட்டும் சேருங்கள். அதையும் நாலைந்து மாதம் பணம் சேர்த்துவிட்டு.

அந்த எஃப்.டி. உங்கள் ஐந்து மாதச் செலவுக்குக்கூடக் காணாது. வேலை போனால் கைகொடுக்க வேறு எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. சிலிண்டரில் அவசரத்துக்கு 50 பார் அழுத்தக் காற்று மிச்சம் வைத்து மேலே வரச் சொல்லிக் கொடுத்திருப்பார்களே, இந்த எஃப்.டி.தான் அந்த 50 பார். லோன் என்றால், 14 சதவீத வட்டியில் 24 மாதத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 8,400 ரூபாய். வட்டி மட்டும் 26,600-ஐத் தாண்டும். அந்தக் காசுக்கு ஆறு டைவ் போய்விட்டு வரலாம்.

சரி, பேக்கேஜ் விஷயத்துக்கு வருவோம். டைவ் மாஸ்டர் பயிற்சி தொடங்கவே லாக் புக்கில் 40 டைவ் வேண்டும், முடிக்க 60. உங்களிடம் 9. அட்வான்ஸ்டில் ஐந்து சேர்ந்தால் 14. மீதி 26 டைவ் அந்த 1,75,000-க்குள் வருகிறதா? வராவிட்டால், அவர்கள் சொன்ன விலையிலேயே இன்னொரு 1,04,000 ரூபாய். இதை எழுத்தில் கேளுங்கள். கூடவே ஜி.எஸ்.டி., படகு, உபகரண வாடகை, பாடப் பொருள், சான்றிதழ்க் கட்டணம், ரெஸ்க்யூவுக்குத் தேவையான முதலுதவிப் பயிற்சி எல்லாம் சேர்த்தியா என்றும் கேளுங்கள். வாயால் ‘எல்லாம் சேர்த்துத்தான் சார்’ என்பது கணக்கில் வராது.

மூன்றையும் ஒரே இடத்தில் படிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. அட்வான்ஸ்டை புதுச்சேரியில் முடித்துவிட்டு ரெஸ்க்யூவை அந்தமானில் படிக்கலாம். சான்றிதழ் கார்டு காலாவதி ஆகாது. ஆகவே ‘இந்த மாதமே’ என்ற அவசரம் சென்டருக்குத்தான், உங்களுக்கு இல்லை. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஈ.சி.ஆர். பஸ் போதும்; விமானக் காசு மிச்சம். தண்ணீர் அந்தமான் அளவுக்குத் தெளிவாக இருக்காது. அதிலும் பழகுவது நல்லதுதான் என்பேன்.

அட்வான்ஸ்டை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஓப்பன் வாட்டர் கார்டில் 18 மீட்டர் ஆழம்தான். இதில் 30 மீட்டர் வரை போகலாம். ஐந்து டைவில் ஆழமும் திசையறிதலும் கட்டாயம், மூன்று உங்கள் விருப்பம். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல நான்கு மடங்கு, காற்றும் அந்த வேகத்தில் தீரும். பெயர்தான் அட்வான்ஸ்டு, ஐந்து டைவில் யாரும் கைதேர்ந்துவிட மாட்டார்கள். அப்புறம் ஒரு வருடம் சும்மா டைவ் போங்கள். 30 டைவ் தாண்டியும் ஆசை குறையாவிட்டால் ரெஸ்க்யூ. டைவ் மாஸ்டர் பேச்சை அப்போது எடுப்போம்.

தொழிலாக்கும் எண்ணம் பற்றி ஒரு விஷயம், பலரும் கவனிக்காதது. நம் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்கு ஒன்று இருக்கிறது: சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபட்டு அடிபட்டால் சிகிச்சைச் செலவு கிடையாது. ஸ்கூபா டைவிங்கைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக்கு இறங்கும்வரை அந்த வரி உங்களைத் தொடாது. டைவ் மாஸ்டராகச் சம்பளம் வாங்கினால் தொடும். வேலையை விட்டால் கம்பெனி தரும் காப்பீடும் போய்விடும். அதனால் இப்போதே சொந்தமாக ஒரு பாலிசி எடுங்கள், விண்ணப்பத்தில் டைவிங்கை மறைக்காதீர்கள். டைவிங்கால் வரும் அழுத்த நோய்க்கான அழுத்த அறைச் சிகிச்சைக்குக் கைகொடுக்கும் ‘டான்’ போன்ற டைவிங் காப்பீட்டையும் விசாரியுங்கள். தொழிலுக்கு வந்தபின் ஆண்டுதோறும் ‘பேடி’க்கு உறுப்பினர் புதுப்பிப்புக் கட்டணம் வேறு.

மாதம் 12,000 வீதம் ஐந்து மாதம் ஆர்.டி. போட்டால் 60,000. கோர்ஸ் போக 32,000 மிஞ்சும். அதில் பயணமும் தங்கலும் அடங்க வேண்டும். அந்தமானைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள் என்றால் உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விட வேண்டும். எனவே ஓர் இரவு கூடுதல் அறை வாடகையைக் கணக்கில் சேர்த்துவிட்டுத் திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள்.