எடிட்டிங்கும் கேமும் ஒரே பெட்டியில்: குறைந்த பட்ஜெட்டுக்கு எந்த ப்ராசஸர்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள், யூடியூப் சேனல் நடத்துபவர்கள், கல்லூரி மாணவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. கேட்டவர்களின் ஊர் மட்டும் குறிப்பிடப்படுகிறது. விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால், எந்தப் பொருளுக்குப் பணத்தை முதலில் ஒதுக்க வேண்டும் என்பதற்கே இங்கே முக்கியத்துவம்.

பாலக்கோடு: அண்ணா, கல்யாண வீடியோ எடிட் பண்றேன். சோனி ஏ7 III கேமரா, பிரீமியர் ப்ரோ. ராத்திரி கொஞ்சம் ஜிடிஏ 5 விளையாடுவேன். மொத்தம் 60,000 ரூபாய். கடையில ஐ5-12400எஃப் இல்லன்னா ரைசன் 5 5600 எடுக்கச் சொல்றாங்க. எது நல்லது?

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். எஃப் இல்லாத ஐ5-12400 வாங்குங்கள்.

கேம் விளையாட மட்டும் என்றால் ரைசன் 5 5600 அருமையான ப்ராசஸர். மூன்றிலுமே 6 கோர் (கணக்குப் போடும் பிரிவு), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை)தான். வித்தியாசம் வீடியோ ஃபைலைத் திறக்கும் இடத்தில் வருகிறது. கேமரா பதிவு செய்யும் எச்.264, எச்.265 என்ற சுருக்கிய ஃபைலில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படமாக இருக்காது. சில ஃப்ரேம்கள் மட்டும் முழுப் படம். மற்றவை முன்பின் ஃப்ரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். டைம்லைனில் நடுவே ஓர் இடத்தைத் தொட்டால், முந்தைய முழு ஃப்ரேமிலிருந்து வரிசையாகக் கணக்குப் போட்டுத்தான் அந்தப் படம் வரும். இதைக் கோர்கள் செய்தால் திணறும். இதற்கென்றே தனிச் சுற்று இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் இருக்கிறது. குவிக் சிங்க் என்பது அதுதான். எஃப் என்று முடிந்தால் அந்த உள் கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600லும் கிடையாது.

உங்கள் ஏ7 III தருவது 8-பிட், 4:2:0 (நிற விவரம் குறைவான) எச்.264. அதை என்விடியா கிராபிக்ஸ் கார்டும் பிரிக்கும் (அதாவது திறந்து படமாக்கும்), அதனால் இன்றைக்கு எஃப் வாங்கினாலும் வேலை ஓடிவிடும். நாளை ஏ7 IV போன்ற கேமராவுக்கு மாறி 10-பிட் 4:2:2ல் (நிற விவரம் அதிகமுள்ள வகையில்) எடுத்தால்தான் சிக்கல். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகள் 4:2:2ஐப் பிரிக்காது, ஏஎம்டியின் ரேடியானும் பிரிக்காது. 12400ன் உள் கிராபிக்ஸ் எச்.265 வகை 4:2:2ஐப் பிரித்துவிடும். ஆனால் எச்.264 வகை 10-பிட் 4:2:2ஐ அதுவும் பிரிக்காது. ஆகவே சோனியில் 4:2:2 எடுக்கும்போது எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால்தான் இந்தப் பயன் கிடைக்கும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகள் இரண்டு வகையையும் பிரிக்கும், ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. முகூர்த்த சீசனில் கிராபிக்ஸ் கார்டு பழுதானால், எஃப் இல்லாத ப்ராசஸரில் மானிட்டர் ஒயரை மதர்போர்டுக்கு மாற்றி ஆல்பம் வேலையையாவது முடித்துக் கொடுக்கலாம்.

வாங்கிய பிறகு பலர் விட்டுவிடும் ஒரு வேலை: தனிக் கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்பில்) 'ஐஜிபியு மல்டி-மானிட்டர்' என்பதை எனேபிள் செய்யுங்கள். பிறகு விண்டோஸில் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரை நிறுவி, பிரீமியரில் ப்ரெஃபரன்சஸ், மீடியா பகுதியில் ஹார்டுவேர் டிகோடிங்குக்குக் கீழே இன்டெல்லை டிக் செய்து, மென்பொருளை மூடித் திறங்கள். டைம்லைன் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் இன்டெல் கிராபிக்ஸின் 'வீடியோ டிகோட்' கோடு ஏறினால் சரியாக அமைந்துவிட்டது. கோடு தரையிலேயே கிடந்தால் கொடுத்த காசு வீண். மானிட்டர் ஒயர் மட்டும் எப்போதும் தனிக் கார்டிலேயே இருக்கட்டும்.

ஓசூர்: எங்கிட்ட ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி ரேம் ஒண்ணு இருக்கு. கேம் பிரமாதமா ஓடுது. போன்ல எடுத்த 4கே வீடியோவை எடிட் பண்ணா திக்கித் திக்கி ஓடுது, கடைசியில சத்தம் ஒரு பக்கம் உதடு ஒரு பக்கம். ப்ராசஸர் மாத்தணுமா சார்?

பதில்: வேண்டாம். உங்கள் ப்ராசஸர் மேல் பழியே இல்லை.

சத்தம் விலகுவதற்குக் காரணம், போன் சீரான வேகத்தில் ஃப்ரேம் எடுக்காததுதான். வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ அது ஃப்ரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருளோ சீரான வேகத்தை எதிர்பார்க்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைப் போட்டு, வீடியோ பகுதியில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' தேர்ந்தெடுத்து, 30 என்று வைத்து, தரம் ஆர்எஃப் 18 கொடுத்து மாற்றுங்கள். எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் கூடும்.

திக்குவதற்கு முதல் காரணம் ரேம். 4கே வேலைக்கு 8 ஜிபி போதவே போதாது. அதுவும் ஒற்றை ரேம் என்றால் ஒரே சேனலில்தான் தரவு போய்வரும். அதே வேகமுள்ள இன்னொரு 8 ஜிபி போட்டு 16 ஆக்குங்கள்; முடிந்தால் 16 ஜிபி இரண்டு. நான்கு இடங்கள் உள்ள போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2வது, 4வது இடங்களில் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரட்டைச் சேனல் வேலை செய்யாது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்றிருப்பதை ஆன் செய்யாவிட்டால் 3200 என்று அச்சிட்ட பல ரேம்களும் 2133 அல்லது 2666லேயே ஓடும்.

அதற்கும் மேல் திக்கினால் 720 அளவில் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான சிறிய நகல்) உருவாக்கி எடிட் செய்யுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் தானாக மூல ஃபைலையே எடுத்துக்கொள்ளும். இத்தனையும் செய்த பிறகும் எக்ஸ்போர்ட் நேரம் போதவில்லை என்றால் மட்டும், அதே போர்டில் 8 கோர் உள்ள ரைசன் 7 5700எக்ஸ். அதோடு கூலர் வராது, தனியே வாங்க வேண்டும்.

கிருஷ்ணகிரி: காலேஜ் படிக்கிறேன் அண்ணா. கிராபிக்ஸ் கார்டு இப்ப வாங்க முடியாது, அடுத்த வருஷம்தான். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க எந்த ப்ராசஸர்?

பதில்: இந்த ஒரு வருஷத்தில் எது முக்கியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள் தம்பி.

கேம் முக்கியம் என்றால் ரைசன் 5 5600ஜி. அதன் உள் கிராபிக்ஸ் இன்டெல் 12400ல் உள்ளதைவிடத் தெளிவாக வலுவானது. வாலரன்ட், ஜிடிஏ 5 போன்றவை அமைப்பைக் குறைத்து வைத்தால் நன்றாகவே ஓடும். ஆனால் உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, உங்கள் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் 8 ஜிபி இரண்டு கட்டாயம். ஒற்றை ரேம் போட்டால் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும்.

எடிட்டிங் முக்கியம் என்றால் 12400.

5600ஜியில் ஒரு கண்ணி இருக்கிறது, அடுத்த வருஷம் தெரியும். அது பிசிஐ எக்ஸ்பிரஸ் (ப்ராசஸரும் கார்டும் பேசும் பாதை) 3.0 மட்டுமே, கேஷும் (ப்ராசஸருக்குள் உள்ள சிறு மெமரி) 16 எம்பிதான். சாதாரண 5600ல் 4.0, கேஷ் 32 எம்பி. நாளை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கினால், அந்தக் கார்டு அந்தப் பாதையில் 4 லேன் மட்டுமே பயன்படுத்துவது, 3.0ல் அதன் வேகம் இன்னும் சுருங்கும். அதோடு அந்தக் கார்டில் எச்.264, எச்.265 எக்ஸ்போர்ட்டுக்கான சுற்றே கிடையாது. எடிட்டிங் செய்பவர் எந்தச் சூழ்நிலையிலும் அதை வாங்கக் கூடாது.

அரூர்: ஆன்லைன்ல 14 கோர் ஜீயான், போர்டு, ரேம் எல்லாம் சேர்த்து செட்டா ரொம்பக் கம்மி விலைக்கு வருது. 14 கோர்னா 6 கோரைவிட நல்லதுதானே?

பதில்: இல்லை. தயவுசெய்து வாங்காதீர்கள். அந்தச் செட்டுகளில் பெரும்பாலும் வருவது ஈ5-2680 வி4, 2016ல் சர்வருக்காக வந்தது. உச்ச வேகமே 3.3 கிகாஹெர்ட்ஸ். கேமும் டைம்லைனும் ஒவ்வொரு கோரின் தனி வேகத்தை நம்பி ஓடுபவை. எண்ணிக்கை அதிகம் என்பதால் அந்தக் குறை தீராது. குவிக் சிங்க் இல்லை. விண்டோஸ் 11ன் அதிகாரபூர்வப் பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. போர்டு பெயர் தெரியாத தயாரிப்பாக இருக்கும், பழுதானால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் வரும் ஐ7-4790 பற்றியும் பலர் கேட்கிறீர்கள். அதில் எச்.265ஐப் பிரிக்கும் சுற்று இல்லை. 10-பிட் எச்.265 இன்டெல்லில் 7வது தலைமுறையிலிருந்துதான்.

பென்னாகரம்: எங்க பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்கும், கரண்ட்டும் அடிக்கடி போகும். 600 விஏ யுபிஎஸ் போதுமா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபி கார்டு 130 வாட். போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 40 முதல் 50, மானிட்டர் 30. எஸ்எம்பிஎஸ்ஸிலேயே (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) கொஞ்சம் வெப்பமாகப் போகும். மொத்தம் 350 வாட்டைத் தொடும். வழக்கமான 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட் அளவுதான். இவ்வளவு நெருக்கத்தில், எக்ஸ்போர்ட் நடுவே கரண்ட் போனால் ஓவர்லோடாகி அணைந்துவிடலாம். 1000 விஏ, 600 வாட் என்று இரண்டு எண்ணும் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அது சேமித்து அணைக்கும் சில நிமிடங்களுக்குத்தான், வேலையைத் தொடர்வதற்கு அல்ல.

எஸ்எம்பிஎஸ் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையோடு. கேபினட்டோடு இலவசமாக வருவதைக் கழற்றி வைத்துவிடுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால் வீட்டு எர்த் சரியில்லை என்று அர்த்தம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்த பிறகே கம்ப்யூட்டரை மாட்டுங்கள்.

வெயில் காலத்துக்கு ஒரு வார்த்தை. 12400 பெட்டியோடு வரும் கூலர் போதும், ஆனால் கேபினட்டில் முன்னால் காற்று உள்ளே வரும் ஃபேனும் பின்னால் வெளியே தள்ளும் ஃபேனும் வேண்டும். கிரஷர், கிரானைட் பட்டறைப் பக்கம் இருப்பவர்கள் முன் வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். கல் தூசு படிந்து ஹீட்சிங்க் அடைத்தால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதை ப்ராசஸர் பழசாகிவிட்டது என்று நினைத்து மாற்றுகிறவர்கள் உண்டு.

ஊத்தங்கரை: 13, 14வது தலைமுறை இன்டெல் கெட்டுப்போகுதுன்னு சொல்றாங்களே, 12400க்கும் அந்தப் பிரச்சினை வருமா?

பதில்: வராது. அது 13, 14வது தலைமுறையின் உயர்நிலை மாடல்களில் அதிக வோல்டேஜால் வந்தது. 13600கே போன்றவற்றைப் பழையதாக வாங்குவதாக இருந்தால் மட்டும், 2024 செப்டம்பரில் வந்த 0x12பி மைக்ரோகோடோ (ப்ராசஸருக்கான உள் திருத்தம்) அதற்குப் பிந்தையதோ உள்ள பயாஸைப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். ஏற்கெனவே பாதிக்கப்பட்டதை அப்டேட் குணப்படுத்தாது.

காவேரிப்பட்டணம்: ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) பழசாயிடுச்சு, ஏஎம்5தான் எதிர்காலம்னு எல்லாரும் சொல்றாங்க. 60,000க்குள்ள ரைசன் 5 7600 போகலாமா?

பதில்: ப்ராசஸர் நல்லது. ஆனால் ஏஎம்5 போர்டு டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். ப்ராசஸர், போர்டு, ரேம் மூன்றும் சேர்ந்து பணத்தை விழுங்கிவிட்டால் கிராபிக்ஸ் கார்டுக்கு மிஞ்சாது. மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் ப்ராசஸருக்குப் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் 80,000ஐத் தாண்டினால், மூன்று வருஷம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றும் எண்ணமும் இருந்தால், ஏஎம்5க்குப் போங்கள்.

தருமபுரி: பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வாங்கலாம்னு இருக்கேன். என்ன பாக்கணும்?

பதில்: பெட்டியோடு வரும் ப்ராசஸருக்கு 3 வருஷம் கம்பெனி வாரண்டி. 'டிரே' என்று பெட்டியில்லாமல் தருவதற்குக் கடைக்காரர் சொல்வதுதான் வாரண்டி. பழுதானால் ஒவ்வொரு முறையும் பஸ் ஏற வேண்டும். சீல் உடையாத பெட்டி, பெட்டி எண் எழுதிய ஜிஎஸ்டி பில், இரண்டும் இல்லாமல் கிளம்பாதீர்கள். இன்டெல் அல்லது ஏஎம்5 மதர்போர்டு வாங்கும்போது கடையிலேயே திறந்து, சாக்கெட் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா, உள்ளே ஊசிகள் ஒரே வரிசையில் மின்னுகின்றனவா என்று செல்போன் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வளைந்த ஊசிக்கு வாரண்டி கிடையாது. அந்த மூடியையும் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

பர்கூர்: ஐ3-12100எஃப்ல புளூஸ்டாக்ஸ் (போன் ஆப்பைக் கம்ப்யூட்டர்ல ஓட்டுற மென்பொருள்) போட்டு ஃப்ரீ ஃபயர் ஆடினா இழுக்குது.

பதில்: டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'விர்ச்சுவலைசேஷன்' எனேபிள் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பயாஸில் இன்டெல் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்யுங்கள். ஏஎம்டியில் அதன் பெயர் எஸ்விஎம். பிறகு புளூஸ்டாக்ஸில் 4 கோர், 4 ஜிபி ஒதுக்குங்கள்.

மத்தூர்: அண்ணா, எல்லாம் மாட்டிட்டேன். ஃபேன் சுத்துது, திரையில ஒண்ணும் வரல. ரைசன் 5 5600, பழைய பி450 போர்டு.

பதில்: முதலில் மானிட்டர் ஒயர் எங்கே இருக்கிறது? 5600ல் உள் கிராபிக்ஸ் இல்லை, போர்டில் செருகினால் வாழ்நாளுக்கும் படம் வராது, கார்டில் செருகுங்கள். கார்டின் மின் ஒயரையும், ப்ராசஸர் பக்கத்தில் மேல் மூலையில் உள்ள 8 ஊசி ஒயரையும் பாருங்கள். பிறகு ஒரே ஒரு ரேமை 2வது இடத்தில் 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்திப் போட்டு ஓட்டுங்கள்.

அப்போதும் வரவில்லை என்றால் பயாஸ் பழையதாக இருக்கலாம். பி450 போர்டுகள் 2018ல் வந்தவை, 5600 வந்ததோ 2022ல். போர்டு கம்பெனி தளத்தில் உங்கள் மாடலின் ப்ராசஸர் பட்டியலைத் திறந்தால் எந்தப் பதிப்பிலிருந்து 5600 ஓடும் என்று இருக்கும். போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருந்தால் பென்டிரைவ் வழியே ப்ராசஸர் இல்லாமலே ஏற்றலாம். இல்லையென்றால் பழைய ரைசன் ஒன்றை மாட்டி ஏற்ற வேண்டும். கூலரைக் கழற்றும்போது நேராகத் தூக்காதீர்கள். காய்ந்த தெர்மல் பேஸ்ட் ப்ராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகளை வளைத்துவிடும். சில நிமிடம் ஓடவிட்டுச் சூடான பிறகு அணைத்து, ஒயரைப் பிடுங்கி, கூலரை இடவலமாக மெல்லத் திருகி, ஒட்டு விட்டதும் தூக்குங்கள்.