இரவு நேர ஏஐ மதிப்பீட்டு வேலை: வக்கீலின் சன்னதுக்கு ஆபத்தா?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து தினமும் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு வந்து, ஒரு சீனியரிடம் நான்காண்டுகளாக ஜூனியராகத் தொழில் செய்கிறேன். செயற்கை நுண்ணறிவு தரும் சட்ட விடைகளை மதிப்பிடும் பகுதிநேர வேலை வந்திருக்கிறது. வீட்டிலிருந்தே இரவில் இரண்டு மணி நேரம் செய்தால் போதும், டாலரில் பணம் வரும் என்கிறார்கள். என் ஆதாரையும், பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்த என்ரோல்மென்ட் எண்ணையும் கொடுத்தால் கணக்குத் தொடங்கித் தருவதாகவும், வருமானத்தில் முப்பது சதவீதம் தமக்கு வேண்டும் என்றும் காட்பாடியில் ஒருவர் சொல்கிறார். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தும் வக்கீல்கள் இருக்கும்போது இதற்கு என்ன தடை என்கிறார் சீனியர். பார் கவுன்சில் நடவடிக்கை எடுக்குமா?

பதில்: இந்த வேலையால் உங்கள் சன்னதுக்கு, அதாவது வக்கீலாகத் தொழில் செய்யும் உரிமத்துக்கு, வரக்கூடிய ஆபத்து சிறியது, அதை முறையாகத் தவிர்க்கவும் முடியும். அந்தக் காட்பாடிக்காரரால் வரும் ஆபத்துதான் பெரியது.

தொழில் செய்யும் வக்கீல் எவரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி 49. பகுதிநேர வேலைக்கு விதி 52 வழி விடுகிறது. அந்த வேலை வக்கீல் தொழிலோடு முரண்படாமலும் தொழிலின் கண்ணியத்துக்குக் குறைவு இல்லாமலும் இருப்பதாக மாநில பார் கவுன்சில் கருதி இசைவு தந்தால் அதை ஏற்கலாம். ஆகவே ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு நாற்பது மணி நேரம், மாதச் சம்பளம், விடுப்பு விண்ணப்பம் என்றெல்லாம் அதில் இருந்தால், தலைப்பில் பகுதிநேரம் என்று எழுதியிருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் சீனியர் சொன்ன விதிவிலக்கு உண்மைதான், ஆனால் அது உங்களுக்கு உதவாது. வக்கீல்கள் சட்டம் கற்பிப்பதற்கென்றே 1979-இல் தனி விதிகள் வந்தன. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்வி நிறுவனத்தில், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் கற்பிக்கலாம் என்பதே அவற்றின் சாரம். விதி 51-ம் சட்டத் தேர்வுக்கு மாணவரைத் தயார்செய்வதையும், வினாத்தாள் தயாரித்துத் திருத்துவதையும் அனுமதிக்கிறது. "இயந்திரத்துக்குப் பாடம் சொல்வதும் பாடம்தானே, அதன் விடையைத் திருத்துவதும் விடைத்தாள் திருத்துவதுதானே" என்று இந்த இரண்டையும் இழுத்து நீட்டிப் பேசுபவர்களை நீதிமன்ற உணவகத்திலேயே பார்க்கிறேன். கல்லூரி இல்லை, மாணவர் இல்லை, தேர்வு இல்லை. நாளை புகார் என்று ஒன்று வந்தால் இந்த ஒப்புமை விசாரணையில் நிற்காது. விதி 52-இன்படி இசைவு கேட்பதுதான் நேர்வழி.

இப்படி ஒரு வேலை வரும் என்று எவரும் நினைத்திராத காலத்து விதிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜூனியரும் தனித்தனியாக மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருப்பது எனக்குச் சகிக்கவில்லை. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. அந்தத் தொகை ஒழுங்காகக் கைக்கு வந்துகொண்டிருந்தால், பகலெல்லாம் வாய்தாவுக்கு ஓடிய பிள்ளைகள் இரவிலும் கண் விழிக்கவேண்டிய அவசியம் இருக்காது.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். காசோலை திரும்பிவிட்டது, என்ன செய்வது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உங்கள் திரையில் வரும். ஒன்று அழகான நடையில், 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும் என்று சொல்லும். மற்றது தட்டுத்தடுமாறிய நடையில், வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார் என்று சொல்லும். நடையில் மயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்து, முதலாவது எங்கே தவறுகிறது என்று எழுதுவதற்குத்தான் பணம். இல்லாத தீர்ப்பையும் இயந்திரம் கூசாமல் மேற்கோள் காட்டும். அப்படி வந்த தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் தாக்கல் செய்த நியூயார்க் வக்கீல்களுக்கு 2023-இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

இனி இடைத்தரகர். பீடி ஏஜெண்டிடம் கட்டுக் கொடுத்த பெண்களைக் கேளுங்கள். "சரியில்லை" என்று ஏஜெண்ட் ஒதுக்கும் பீடிக்குக் கூலி கிடையாது, ஒதுக்கிய பீடியும் திரும்பி வராது. இங்கேயும் அதே கதைதான், பலன் இடையில் இருப்பவருக்கு, நட்டம் உங்களுக்கு. உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, உள்ளே வேறு யாரோ வேலை செய்வார்கள். பணம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகும், வருமான வரித்துறையின் கேள்வி உங்கள் பான் எண்ணைத் தேடி வரும். என்னிடம் வந்த ஒரு ஜூனியருக்கு இதுதான் நேர்ந்தது. அவருடைய என்ரோல்மென்ட் எண்ணை வைத்து, சட்டமே படிக்காத மூன்று பேர் வக்கீல் என்ற பெயரில் வேலை செய்திருந்தார்கள். அதைப் பார் கவுன்சிலுக்கு விளக்கி எழுதும்போது அவருடைய கை நடுங்கியதை நான் மறக்கவில்லை. முன்பணம், பயிற்சிக் கட்டணம் என்று எதைக் கேட்டாலும், ஓடிபி கேட்டாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இலக்கை முடிக்கவில்லை, இழப்பீடு கட்டு என்று போலி வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டும் கூட்டமும் உண்டு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

உங்கள் கட்சிக்காரரின் வழக்குக் கட்டிலிருந்து ஒரு வரியைக்கூட இயந்திரத்திடம் கேட்கும் மாதிரிக் கேள்வியாகப் போடாதீர்கள். கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்பது சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 132. பெயரை அழித்துவிட்டால் போதாது. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பாகப்பிரிவினை வழக்கென்றால், சர்வே எண்ணும் கிணற்றுப் பங்கும் போதும், எந்த அண்ணன் தம்பி என்று ஊரே சொல்லிவிடும்.

நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உங்கள் பெயரில் நீங்களே விண்ணப்பியுங்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும், வருமான வரிக் கணக்கிலும் காட்டிவிடுங்கள். தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் செயலாளருக்கு எழுதும் மனுவில் நிறுவனத்தின் பெயர், வேலையின் தன்மை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், நீதிமன்ற நேரத்தில் வேலை இல்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஒப்பந்த நகலை இணைத்து, ஒப்புகையுடன் விரைவஞ்சலில் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் நினைவூட்டல் அனுப்புங்கள். இசைவு எழுத்தில் வந்தபின் வேலையைத் தொடங்குங்கள்.