வீட்டுக்காரர் பெயரில் தபால் வந்தால்: கேள்வி – பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சங்கதிதான்: வாடகைக்குக் குடியிருக்கிற வீட்டுக்கு அதன் சொந்தக்காரர் பெயரில் வருகிற தபால். எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வந்தது சாதாரணத் தபாலா, பதிவுத் தபாலா, கொரியரா என்று சொல்லுங்கள். “ஒரு கடிதம் வந்தது, என்ன செய்ய?” என்று மட்டும் எழுதினால் நான் சாத்திரமா பார்ப்பது?

வீட்டுக்காரர் கட்டாரில் இருக்கிறார். ஒன்றரை வருடமாக அவருடைய கடிதங்களை ஒரு சொப்பிங் பையில் போட்டு வைத்திருக்கிறோம். எறியலாமா? (கல்லடி)

எறியவும் கூடாது, பிரிக்கவும் கூடாது. இன்றைக்கே எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வோர் உறையின் முன்பக்கத்தையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்புங்கள். அனுப்பியவர் யார் என்பதும் தபால் முத்திரையின் திகதியும் படத்தில் தெரிய வேண்டும். எதைப் பிரிக்கலாம், எதை யாரிடம் கொடுப்பது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வொய்ஸ் மெசேஜ் வேண்டாம், பிறகு தேடி எடுக்க முடியாது. ஊரில் அவருடைய அக்காவோ மச்சானோ இருந்தால் அவர்களிடம் கொடுத்துக் கொப்பியில் கையெழுத்து வாங்கலாம். ஆனால் “இன்னாரிடம் கொடு” என்று வீட்டுக்காரரே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்குள் காணிப் பிணக்கு ஏதும் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது.

இனி வருகிறதைச் சேர்த்து வைக்க வேண்டாம், வந்த அன்றே படம் போகட்டும். விலாசத்தை மாற்ற வேண்டியவர் அவர்தான். வங்கி, காப்புறுதி, தொலைபேசி என்று ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக அறிவிக்க வேண்டும்.

தொலைபேசிக் கம்பனியின் விளம்பரத் தாள்கள் பெயரில்லாமல் வருகின்றன. (ஏறாவூர்)

எறியுங்கள். இதற்கும் ஒரு கடிதமா?

எங்களுடையது என்று நினைத்து வீட்டுக்காரரின் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். (காத்தான்குடி)

உள்ளே இருப்பதைப் படிக்காமல் திரும்ப வையுங்கள். உறையை டேப்பால் ஒட்டி, மேலே “தவறுதலாகத் திறக்கப்பட்டது” என்று எழுதித் திகதியும் கையெழுத்தும் போடுங்கள். அன்றே அவருக்குச் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்தால்தான் பிரச்சினை. வங்கி அட்டையோ இரகசிய இலக்கமோ இருந்த உறையானால் தொலைபேசியிலேயே உடனே சொல்ல வேண்டும், அவர் அட்டையை நிறுத்திப் புதிதாக எடுக்கட்டும்.

வீட்டுக்காரருக்கு வந்த பதிவுத் தபாலை, “வீட்டில் யாராவது சைன் வைத்தால் போதும்” என்று தபால்காரர் சொன்னதால் கையெழுத்து வைத்து வாங்கினேன். பிறகு மறந்துபோனேன். இப்போது “உன்னால் வழக்குத் தவணை போய்விட்டது” என்று சண்டைக்கு வருகிறார். (பாண்டிருப்பு)

எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி நிற்பதாக இல்லை. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வைப்பது பக்கத்து வீட்டுக்காரரின் பார்சலை வாங்கி வைப்பது போன்ற உதவி அல்ல. அனுப்புகிறவர் பதிவுத் தபாலில் அனுப்புவதே, கடிதம் சேர்ந்தது என்று பின்னர் காட்டுவதற்காகத்தான். நீங்கள் கையெழுத்து வைத்ததும் அந்த விலாசத்தில் கடிதம் ஒப்படைக்கப்பட்டதாகப் பதிவாகிறது. ஏ.ஆர். அட்டை (கடிதம் கிடைத்ததை ஒப்புக்கொள்கிற அட்டை) இணைத்திருந்தால் அது உங்கள் கையெழுத்தோடு அனுப்பியவரிடமே திரும்பிப் போகும். பிறகு வங்கியோ, சட்டத்தரணியோ, நீதிமன்றமோ “கிடைத்துவிட்டது” என்று வைத்துக்கொண்டுதான் அடுத்த அடி எடுப்பார்கள். “அது வாடகைக்கு இருக்கிற பிள்ளையின் கையெழுத்து” என்று நிரூபிக்க வீட்டுக்காரர் அலைய வேண்டும்.

சிவில் வழக்கு அழைப்பாணை முதலில் பதிவுத் தபாலில்தான் வரும். எதிராளி தவணைக்குப் போகாவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாக, அதாவது அவர் இல்லாமலே, விசாரணைக்கு எடுக்கப்படலாம். அப்படித் தீர்ப்பாகியிருந்தால், தீர்ப்பாணை கையளிக்கப்பட்டு 14 நாட்களுக்குள் அதை நீக்கும்படி மனுச் செய்ய வேண்டும். ஆகவே சண்டையை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர் இன்றே ஒரு சட்டத்தரணியிடம் போகட்டும். நீங்கள் செய்ய வேண்டியது: உறை இன்னும் இருந்தால் பிரிக்காமல் கொடுங்கள், கையெழுத்து உங்களுடையது, இன்ன திகதியில் வாங்கினேன், அவருக்குத் தெரிவிக்கவில்லை என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுங்கள். வெட்கமாக இருக்கும். ஆனாலும் அவரைக் காப்பாற்றக்கூடியது அதுதான்.

மற்றவர்களுக்கு: தபால்காரர் அவசரத்தில் சொல்வதைக் கேட்காதீர்கள். அவருக்கு நாள் முழுக்க வெயிலில் சைக்கிள் ஓட்டம், ஒரு வேலை முடிந்தால் போதும் என்றிருக்கும். “அவர் இங்கே இல்லை, நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம்” என்று சொல்லுங்கள். கடிதம் தபால் கந்தோருக்குப் போகும். அடையாள அட்டையோடு வீட்டுக்காரர் போய் எடுக்கலாம், அல்லது தன் கைப்பட எழுதிய அதிகாரக் கடிதத்தோடு ஒருவரை அனுப்பலாம். யாரும் போகாவிட்டால் அனுப்பியவரிடமே திரும்பும். திரும்பிப் போன கடிதத்தால் வருகிற சிக்கல் உங்கள் தலையில் விழாது. கைமறதியாக வாங்கிவிட்டீர்களா? உறையிலுள்ள பதிவிலக்கத்தைப் படமெடுத்து, இருட்ட முன்னர் அவருக்குச் செய்தி போகட்டும்.

பிஸ்கல் உத்தியோகத்தர் (நீதிமன்றக் கட்டளைகளைக் கையளிக்கிறவர்) வந்து கதவில் நீதிமன்ற அறிவித்தல் ஒட்டினால் கிழிக்காதீர்கள். ஆளைக் காணாவிட்டால் வீட்டில் ஒட்டுவதும் சட்டப்படியான கையளிப்பே. படம் எடுத்து அனுப்புங்கள், அவ்வளவுதான்.

வங்கியிலிருந்து மாதாமாதம் தடித்த உறை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், “ஈடு” என்று தெரிகிறது. வீட்டை ஏலம் போடுவார்களா? (அக்கரைப்பற்று)

முதலில், உறையை வெளிச்சத்தில் பிடிக்கிற வேலையை விடுங்கள். ஈடு வைத்த வீடெல்லாம் ஏலத்துக்குப் போவதில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டியதைத் தெரிந்துகொள்ள நேர்வழி இருக்கிறது: காணி உறுதியின் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, காணிப் பதிவகத்தில் தேடுதல் கட்டணம் கட்டி ஏட்டைப் பாருங்கள். ஈடு எழுதியிருந்தால் அதில் இருக்கும். வங்கிக் கடன் அறவிடுதல் பற்றிய 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றம் போகாமலே வங்கி ஏலம் போடலாம். ஆனால் அதற்கு முன் வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவிக்க வேண்டும். உங்கள் வாடகை ஒப்பந்தம் ஒரு மாதத்துக்கு மேற்பட்டதானால் நொத்தாரிசு முன் எழுதிப் பதிந்திருக்க வேண்டும். வெறும் தாளில் முத்திரை ஒட்டி எழுதி, ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கொடுத்திருந்தால் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். வங்கியை நினைத்து வாடகையை நிறுத்தாதீர்கள்.

கரண்ட் பில் வீட்டுக்காரருடைய மாமனார் பெயரில் வருகிறது. அவர் காலமாகிவிட்டார். கட்டலாமா? (களுவாஞ்சிகுடி)

நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மின் கணக்கு மட்டும் தகப்பன் பெயரிலேயே கிடக்கும். கணக்கிலக்கம் சரியாக இருந்தால் கட்டுங்கள். நீங்கள் எரித்த கரண்டுக்கு யார் பெயரில் பில் வந்தால் என்ன? மீற்றர் வாசிப்பாளர் வைத்துவிட்டுப் போகிற பில் உறையிலிட்ட கடிதம் அல்ல, தாராளமாகப் பார்க்கலாம். சிவப்பு அறிவித்தல் வந்தால் “என் பெயரில் இல்லையே” என்று ஓரம் கட்டாதீர்கள், இருட்டில் இருக்கப்போவது நீங்கள். குடிவந்த நாளில் மீற்றர் வாசிப்பைப் படமெடுத்தீர்களா? பழைய நிலுவையைப் பிரித்துக் காட்ட அது வேண்டும். பெயர் மாற்றம் வீட்டுக்காரரின் வேலை.

மாநகர சபையிலிருந்து சோலை வரிப் (ஆதன வரி) பத்திரம் வந்திருக்கிறது. நாங்கள் கட்டி வாடகையில் கழிக்கலாமா? (கல்முனை)

அவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும். பத்திரத்தை உடனே சேருங்கள்: முழு வருட வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. நீங்கள் மாசியில் கொடுத்தால் அந்தக் கழிவு போய்விடும், பேச்சும் கேட்பீர்கள்.

கடிதம் எடுக்கிற சாட்டில் வீட்டுக்காரர் இரவு ஒன்பது மணிக்கும் வந்து கதவைத் தட்டுகிறார். (ஆரையம்பதி)

கேற்றில் இரண்டு பெட்டி வையுங்கள், ஒன்றில் அவர் பெயர், மற்றதில் உங்கள் பெயர். அவருடைய பெட்டிக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பை அவரிடமே கொடுங்கள். தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பெட்டிக்கு மேல்மூடி வேண்டும், வாய் வீதிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் கேற்றுக்குக் கீழால் தள்ளிவிடுகிற கடிதம் கூழாகிவிடும், அந்தப் பழியும் உங்களுக்குத்தான் வரும்.